எல்லோருக்கும் தெரியும் பன்னிரண்டு

முதல் பக்கத்தில் பன்னிரண்டு.
அது எல்லோருக்கும் தெரியும்,
என்னைப் போன்றவர்களுக்கும்.
பயம் தெளியட்டும் என்று வைத்திருப்பார்கள்.

இரண்டாம் பக்கத்துப் புள்ளிகளில் நான் பார்ப்பது மூன்று,
சொல்வது எட்டு.
எழுபது தெரியும்; இருபத்தொன்பது என்பேன்.
இருபத்தொன்று தெரியும்; எழுபத்து நான்கு.
அப்புறம் வரும் வெறும் புள்ளிக் கூட்டத்துக்கு ஆறு,
அதற்கடுத்த வெறுமைக்கு நாற்பத்தைந்து.
இல்லாததை வரிசை மாறாமல் சொல்லத் தெரிந்தால்
கப்பல் ஏறிவிடலாம்.

பத்தொன்பது வருடம், பதினான்கு ஒப்பந்தம்.
ஒவ்வொன்றுக்கும் முந்தைய இரவு
மணிலாவில், எர்மிட்டாவின் மாலுமி விடுதியில்
மேல்படுக்கைக்காரன் குறட்டைக்குக் கீழே
நான் போனில் ஒப்பிப்பேன்.
இலோய்லோவிலிருந்து மாரிவெல் திருத்துவாள்.

இந்த முறை மருத்துவர் சின்னப் பையன்.
புத்தகம் இல்லை, தனித்தனி அட்டைகள்.
சீட்டுக் கட்டைப் போல் கலைத்தான்.
வெறுமை ஒவ்வொன்றும் இன்னொரு வெறுமையைப் போலவே இருந்தது.
நடுவில் எங்கோ பன்னிரண்டு வந்தது.
அதை மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

ஈரல் நன்று. இதயம் நன்று.
நாற்பத்து நான்கு வயதுக்குப் பல்கூட நன்று.
தடித்த கயிறு அறுபடுவதற்கு முன்
ஒரு முனகல் முனகும்,
அதைக் கேட்டு இரண்டு பேரைத் தள்ளிவிட்டவன் நான்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

தியோஸ்தாதோ பல்மாரெஸ், சுக்கான் மாலுமி,
கடற்பணிக்குத் தகுதியற்றவர்.
முத்திரை சற்றுச் சாய்வாக விழுந்திருந்தது.
தேர்ந்தவனுக்குப் பச்சை, தேறாதவனுக்குச் சிவப்பு என்றார்கள் வரிசையில்.
நான் எழுத்துக் கூட்டித்தான் தெரிந்துகொண்டேன்.
பக்கத்து நாற்காலிப் பையன்
அம்மைக்காரனிடமிருந்து விலகுவதைப் போல
ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.

கரையில் ஒரு கிடங்கு, இரவுக் காவல்.
காகிதத்தை வாங்கிப் பார்த்த மேலாளர்
‘கடற்பணிக்கு’ என்ற சொல்லின் மேல்
கட்டைவிரலை வைத்துக்கொண்டே படித்தார்.
வேண்டுமென்று வைக்கவில்லை.
காகிதத்தை அங்கேதானே பிடிக்க வேண்டும்.
மச்சானுக்கு விரல்கூடத் தேவைப்படவில்லை.

கோபப்படத்தான் பார்க்கிறேன்.
ஆனால் மஞ்சள் கடலில் ஓர் இரவு உண்டு.
மூன்று மணிக் காவல், மூடுபனி கிழிந்த ஓர் இடைவெளி,
எதிரே ஒற்றை விளக்கு.
பச்சை என்றேன்.
ஓஸ்தாப், உக்ரைன்காரன், இரண்டாம் அதிகாரி,
தொலைநோக்கியை எடுத்தான், வைத்தான்,
திருப்பு என்று மட்டும் சொன்னான். திருப்பினேன்.
மீன்பிடிப் படகு, எங்கள் பக்கவாட்டில்
அரிசி வேகும் வாசனை வரும் தூரத்தில் கடந்தது.

காவல் முடிந்ததும் அவனே தேநீர் போட்டுக் கொடுத்தான்.
அதன் பிறகு என்னிடம் நிறம் கேட்டதேயில்லை.
எத்தனை, எந்தப் பக்கம், எத்தனை முறை மினுக்குகிறது,
இவ்வளவுதான்.
படகில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று
நானாக எண்ணிப் பார்த்த இரவுகள் நிறைய.
நான்கு என்பேன், சில நாள் ஏழு.
அந்தச் சின்ன மருத்துவனைத் திட்ட வாய் திறக்கும்போதெல்லாம்
அவர்கள் சோற்றுப் பானையைத் திறந்துவிடுகிறார்கள்.

அந்த இரவு மட்டும் நான் தகுதியற்றவனா,
பத்தொன்பது வருடமுமா?
சம்பளம் வந்த மாதங்களில் யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

ஊர் திரும்பிய அன்று
மாரிவெல் காகிதத்தை மாம்பழக் கூடைமேல் விரித்தாள்.
காய் எது பழம் எது என்று நான் முகர்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன்.
முத்திரை என்ன நிறம் என்று கேட்டேன்.

கறுப்பு என்றாள்.
துளியும் தயங்காமல் சொன்னாள்,
நான் எட்டு என்று சொல்வேனே,
அதே குரலில்.